பதினாறு தட்டு

உங்கள் மியூசிக் பேண்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அண்ணன் சொல்லும் எண் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும். நான் கிடாரும் கையுமாகப் போய் நின்ற முதல் நாள், "ஒன்னோட சேத்து ஒம்பது" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவரையும் சேர்த்து நான்கு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "மத்தவங்கள்லாம் எங்கண்ணே?"

"வெளிய போயிருக்கானுவ. வருவானுவ."

அப்படி வெளியே போனவர்களில் ஒருவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒருவர் போலீஸில் சேர்ந்து மதுரையில் இருந்தார். இன்னொருவர் அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்து, கல்யாணமும் செய்து, தொப்பையும் போட்டிருந்தார். இவர்கள் யாரும் திரும்பி வந்து டெத் மெட்டல் என்கிற காட்டடி இசையை வாசிப்பார்கள் என்று நினைக்கப் பெரிய மனசு வேண்டும். அவருக்கு அது இருந்தது. அவர் வாயிலிருந்து ஒருவன் பேண்டை விட்டுப் போய்விட்டான் என்று நான் கேட்டதே கிடையாது.

நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம். டிரம்ஸ் அவர்தான். பேண்டைத் தொடங்கியவரும் அவர்தான். பிழைப்புக்கு அரிசி மில் ஃபிட்டர். தாமிரபரணியின் இரண்டு கரையிலும் எந்த மில்லில் பெல்ட் அறுந்தாலும், சல்லடை கிழிந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். மொபெட்டின் முன்னால் ஒரு சாக்கில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆள் ஒல்லி. புருவத்தில் எப்போதும் தவிடு ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் போய், பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து அடக்கமாகப் பாடுவார். மத்தியானம் மூன்று மணிக்கு அதே வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு காலாலும் இரண்டு பெடலை மிதித்து மில்லின் தகரக் கூரையை நடுங்க வைப்பார்.

ஆமாம், மில்தான் எங்கள் ஒத்திகை இடம். ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில், ஞாயிறு மட்டும் ஓடாத ஒரு புழுங்கலரிசி மில். பேண்டுக்கு 'உமி' என்று பெயர் வந்ததும் அங்கேதான். ஆம்ப்ளிஃபயருக்குள் உமி, கிடார் உறைக்குள் உமி, வீட்டுக்குப் போய்த் தலை துவட்டினால் துண்டில் உமி. கூரை ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். அவர் சிம்பலில் ஓங்கி ஒரு அடி அடித்தால் அதன்மேல் படிந்திருந்த தூசி எழும்பி, அந்த வெயிலுக்குள் போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே மிதக்கும். பெரிய ஊர் பேண்டுக்காரர்கள் மேடைக்குப் புகை மெஷின் வாடகைக்கு எடுப்பார்களாம். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் ஊறிய நெல்லின் புளித்த வாடைதான் எனக்கு முதலில் வரும், அதற்குப் பிறகுதான் பாட்டு வரும்.

நாங்கள் வாசித்தது காது கிழியும் வேகம். அந்த வேகத்துக்கு நடுவில் அவர் எங்களுக்கு ஓயாமல் சொன்ன ஒரே அறிவுரை, "பைய லே, பைய."

மேலப்பாளையத்துக்காரன் ஒருவன் எங்கள் பாடகன். பகலில் டவுணில், ரத வீதித் துணிக்கடையில், "அக்கா, இந்தக் கலரு ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று பூப்போலப் பேசி சேலையை விரிப்பான். மில்லில் மைக்கைப் பிடித்தான் என்றால் அடிவயிற்றிலிருந்து எடுத்து உறுமுவான். ஒரு தடவை வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர் மில்லுக்குள் மாடு ஏதோ மாட்டிக்கொண்டது என்று கயிறோடு ஓடி வந்தார்.

அவன் எழுதிய முதல் பாட்டு 'தொட்டி'. நெல் ஊறும் தொட்டியின் நாற்றத்தைப் பற்றிய பாட்டு. அந்தப் பாட்டில்தான் அண்ணனுடைய சட்டம் இருந்தது.

பேண்டில் சேரும் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டில் பதினாறு தட்டு நீளத்துக்குச் சொந்தமாக ஒன்று வாசித்துச் சேர்க்க வேண்டும். சேர்ந்த வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக வரும். முதல் பதினாறு அண்ணனுடையது, டிரம்ஸ் மட்டும். ஒருவன் பேண்டிலிருந்து போகிறான் என்றால், போகிறேன் என்று அவனே வந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தன் பதினாறைக் கடைசியாக ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தை யாரும் வாசிக்கக் கூடாது. பாட்டு அங்கே வந்ததும் எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்போம். அண்ணன் மட்டும் இடது காலால் சிம்பல் ஜோடியை மெல்லத் தட்டுவார். டிக், டிக் என்று பதினாறு. பிறகு அடுத்தவன் நுழைவான்.

மூன்று நிமிஷப் பாட்டு இப்படியே வளர்ந்து ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் என்று போனது. அதில் பாதி மௌனம். வெளியூரில் வாசிக்கப் போனால் சவுண்டு செட்காரர் வெலவெலத்துப் போவார். முதல் மௌனத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடி வருவார். அவர் வந்து சேர்வதற்குள் பாட்டு திரும்பத் தொடங்கி அவர் காதுக்குள்ளேயே வெடிக்கும்.

என் இடம் ஒன்பதாவது. அதில் எனக்கு ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு தடவையும் அரைத் தட்டு பிந்தித்தான் நுழைவேன். எண்ணிக்கொண்டுதான் இருப்பேன், விரலும் தயாராகத்தான் இருக்கும், ஆனால் அந்த டிரம்ஸைக் கேட்டுக்கொண்டே நின்றுவிடுவேன். பாடகன் திட்டுவான். எனக்கு முன்னால் எட்டாவதாகச் சேர்ந்த பேஸ் கிடார்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அண்ணன் மட்டும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "வருவான், வருவான்" என்பார், அடிப்பதை நிறுத்தாமலே.

நான் சேர்ந்து நாலு வருஷம் ஆனபோது அந்தப் பொன்னாடைக் கூத்து நடந்தது. ஒரு பேரூரில் கலை விழா. நடத்தியவர்கள் எல்லாம் வேட்டி சட்டைப் பெரிய மனிதர்கள். விண்ணப்பத்தில், குழுவின் பெயர் என்ற இடத்தில் அண்ணன் 'உமி' என்று எழுதினார். உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் பதிமூன்று. அவர்கள் ஏதோ நாட்டுப்புறக் கலைக்குழு என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் வாசித்து முடித்தபோது முன்வரிசையில் ஒருவருக்கும் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் பெரிய மனிதர்கள் அல்லவா, மரியாதை செய்யாமல் விடுவார்களா? தட்டில் பதிமூன்று பொன்னாடை வந்தது. மேடையில் ஐந்து பேர் நின்றோம். மைக்கைப் பிடித்தவர், "மற்ற கலைஞர்கள் மேடைக்கு வரவும்" என்று மூன்று தடவை கூப்பிட்டார்.

"வெளிய போயிருக்காங்கய்யா. எங்கிட்ட குடுங்க, நான் சேத்துருதேன்" என்று அண்ணன் அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

சும்மா சொன்னார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை இல்லை என்று சொல்லிவிட்டு என்னை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டார். எட்டுப் பொன்னாடை என் மடியில். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், ரோட்டை ஒட்டியே வாய்க்கால், அதில் எங்கள் நிழல் கூடவே வந்தது. ஹேண்டில்பாரில் அவருடைய இரண்டு கட்டைவிரலும் எதையோ தட்டிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் உற்றுக் கவனித்த பிறகுதான் தெரிந்தது, அது 'தொட்டி'. மௌனம் வரும் இடத்தில் விரல் நின்றுவிடும்.

அம்பாசமுத்திரத்து மருந்துக்கடைக்காரர் பொன்னாடையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அதைக் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்தார். மஸ்கட்காரரின் அம்மா வாசலிலேயே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறு ராதாபுரம் போனோம். எங்கள் பேஸ்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் அங்கே பள்ளிக்கூட வாத்தியாராகப் போயிருந்தார். பனைமரத்துக்கு நடுவில் ஒரு வாடகை வீடு.

எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணன் ஒன்று செய்வார். நலம் விசாரிக்கிற சாக்கில் அவர்களுடைய கையைப் பிடித்து விரல் நுனிகளை அமுக்கிப் பார்ப்பார். கம்பி அழுத்தி அழுத்தி வரும் காய்ப்பு இருக்கிறதா என்று. வாத்தியார் கூச்சத்தோடு கையை நீட்டினார். "சாக்பீஸ் பிடிச்ச கை அண்ணே."

"காய்ப்பு அப்பிடியே இருக்குடே" என்றார் அண்ணன்.

திரும்பி வரும்போது, "நெசமாவே இருந்துச்சாண்ணே?" என்றேன்.

"எங்க இருந்துச்சு? பிள்ளை கன்னம் மாதிரி இருக்கு. அதை அவன்ட்ட போய்ச் சொல்லவா?"

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் சொல்லாமல் ஓடினேன்.

சென்னையில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாத்தியார் சொல்லிக்கொண்டு போன நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அவர் தன் பதினாறை வாசித்தார். பேஸைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். பிறகு நாங்கள் பாட்டை மறுபடி தொடங்கினோம். அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, தான் இல்லாத இடத்தைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். டிக், டிக். பத்தாவது தட்டில் அழுதுவிட்டார். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. ஞாயிறு மூன்று மணிக்கு, ஒத்திகை தொடங்குகிற அதே நேரத்துக்கு, புதிய பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏறினேன். போன் நம்பரையும் மாற்றினேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

சென்னையில் ஒன்பது வருஷம். கிடாரைப் பரணில் போட்டாயிற்று. ஆனால் ஒரு எண்ணம் மட்டும் வேளாவேளைக்கு வந்து உட்காரும். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போது, பல் தேய்க்கும்போது. சொல்லிவிட்டுப் போனவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டில் இடம் இருக்கிறது. வாசித்துக் காட்டாமல் ஓடினவனுக்கு எப்படி இடம் விடுவார்கள்? கிழிந்த துணியை இழுத்துத் தைப்பதுபோல, எட்டாவதையும் பத்தாவதையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். தையல்கூடத் தெரியாது. அது நியாயமும்கூட. நியாயமாக இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

போன வருஷம் பாடகன் எப்படியோ என் நம்பரைப் பிடித்துவிட்டான்.

"மாப்ள, அண்ணனுக்கு முட்டி போச்சுலே. டாக்டர் பெடல் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. சனிக்கெழமை பாளையங்கோட்டையில கடைசியா டிரம்ஸ்ல உக்காருதாவ. மத்தியானம் நாலு மணி. வந்தா வா."

"எங்கூடப் பேசுவாராலே?"

"அது எனக்குத் தெரியாது. நீயே வந்து பாத்துக்க."

போனேன். சின்ன மண்டபம். பின்னால் தூண் மறைவில் நின்றேன். மேடையில் அண்ணனும் பாடகனும் மட்டும்தான் எனக்குத் தெரிந்த முகம். மற்ற மூவரும் புதியவர்கள். கிடார் வாசித்தது ஒரு பெண், கண்ணாடி போட்டு, பேங்கில் வேலை பார்க்கிறவள் என்று பிறகு தெரிந்தது. அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. அல்லது தவிடாக இருக்கலாம்.

'தொட்டி' தொடங்கியது. முதல் பதினாறு, டிரம்ஸ் மட்டும். எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பிறகு மௌனங்கள். டிக், டிக் என்று மஸ்கட் போனது. போலீஸ் போனது. மருந்துக்கடை போனது. நடுவில் பாடகன் தன் பதினாறை உறுமிவிட்டுப் போனான். தூணைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏழு. எட்டாவது, வாத்தியாரின் மௌனம். டிக், டிக். பதினாலு, பதினைந்து, பதினாறு.

அடுத்தது என்னுடையது. தைத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன், ஒருவேளை மனம் இரங்கி இடம் விட்டிருப்பார்களோ என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்து என் பதினாறை வாசித்தாள். நான் போட்டது, ஒரு சுரம் மாறாமல். அதுமட்டுமல்ல, அரைத் தட்டு பிந்தி நுழைந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். எல்லோருக்கும் காலி இடம், எனக்கு மட்டும் ஆள் போட்டு நிரப்பிவிட்டார்களே என்று.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், போன வாரம்தான் பார்த்ததுபோல, "வந்துட்டியா? பிந்திட்டியேலே" என்றார்.

எடுத்த எடுப்பில் கேட்டேன். "எனக்கு எடம் விடலையாண்ணே?"

"ஒனக்கு எதுக்குலே எடம்? நீ எங்க போனே?"

"சென்னைக்கு..."

"அது தெரியும். போறேன்னு எங்கிட்ட சொன்னியா? சொன்னவனுக்குத்தான எடம் விடணும். நீ சொல்லவே இல்லையே. அப்ப இன்னும் வரலைன்னுதான அர்த்தம். வார வரைக்கும் பாத்துக்கன்னு இந்தப் பிள்ளைட்ட குடுத்து வச்சேன். இவளுக்கு முன்னால வேற ரெண்டு பேரு பாத்துக்கிட்டானுவ."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்கதானா அந்த அண்ணன்?"

அவர் என் இடது கையைப் பிடித்து இழுத்தார். விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அமுக்கினார். அப்படியே இருக்கு என்பார் என்று காத்திருந்தேன்.

"ஒரு மண்ணும் இல்லையேலே! இந்தக் கையை வச்சிக்கிட்டு என்னத்த வாசிச்சுக் கிழிக்கப் போறே?"

ஒன்பது வருஷத்தில் என்னை யாரும் அவ்வளவு அன்பாகத் திட்டவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவர் காலைக் கொஞ்சம் நகர்த்தி, குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல, இப்ப சொல்லுதேன்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சொல்லிட்டேன்னா அங்கன எடம் விட்டுருவோம். இவளுக்கும் வேலை மிச்சம்."

நிஜமாகவே காத்திருந்தார். தைலம் தேய்த்த கையும் நின்றது. சொல்லிவிடலாம்தான். சென்னையில் வேலை, வீடு, குடும்பம் எல்லாம் இருக்கிறது. போறேண்ணே என்ற ஒரு சொல் போதும். நான் கீழே கிடந்த தைலப் புட்டியின் மூடியை எடுத்து அவர் மனைவியிடம் கொடுத்தேன்.

"சரி. சொல்லலைன்னா வார ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, மூணு மணி" என்றார்.

பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு, தானும் போவதாகச் சட்டப்படி சொன்னார். முதல் பதினாறு இனிமேல் காலி. இடையிலிருக்கும் டிக் டிக்கும் வேண்டாம், அதுவும் அவருடையதுதானே.

"எண்ண ஆளு வேண்டாமா? எப்பிடிண்ணே திரும்ப நொழையிறது?" என்றான் பாடகன்.

"நொழைவீங்க."

லீவை நீட்டித்துக்கொண்டு, பாடகன் மூலம் ஒரு கிடாரை இரவல் வாங்கி, டவுணில் அம்மா வீட்டில் தங்கினேன். போனில் தாளம் தட்டும் ஆப்பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாதகம். நாலு விரலும் கொப்புளித்துத் தோல் உரிந்தது. இந்தத் தடவையாவது அவர் முன்னால் ஒழுங்காக நுழைந்துவிட வேண்டும் என்று வைராக்கியம். ஏழாம் நாள் என் அரைத் தட்டுக் கோளாறு ஒருவழியாகச் சரியானது.

மில் அப்படியே இருந்தது. கூரையில் ஓட்டைகள் மட்டும் கூடியிருந்தன. டிரம்ஸில் தச்சநல்லூர்க்காரர் ஒருவர், ஸ்டுடியோ வைத்திருப்பவர், பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அண்ணன் உள்ளே வரவில்லை. நெல் காயப்போட்ட களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

பாட்டு மௌனத்தில் தொடங்கியது. எண்ணுவதற்கு யாரும் இல்லை. வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டது. களத்தில் குருவிகள் நெல் பொறுக்கும் சத்தம் கேட்டது. வெயில் கம்பியில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். யார் முதலில் என்று தெரியாது, எல்லோரும் ஒன்றாகத்தான் நுழைந்தோம்.

ஒவ்வொரு மௌனமாகத் தாண்டினோம். வாத்தியாரின் மௌனம் முடிந்ததும், நான் நூல் பிடித்ததுபோல மிகச் சரியாக நுழைந்து என் பதினாறை வாசித்து முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பாட்டு பாதியில் நின்றது. அந்தப் பெண்தான் கையைத் தூக்கியிருந்தாள்.

"அண்ணே, தப்பா வாசிக்கீங்க."

"என்ன தப்பு?"

"அரைத் தட்டு பிந்தி வரணும். அண்ணன் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாவ."

பாடகன் சிரிப்பை அடக்க மைக்கைக் கீழே வைத்தான். வெளியே பார்த்தேன். அண்ணன் திரும்பவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். என் இடம் வந்தது. விரல் தயாராக இருந்தது. நுழையாமல், பழையபடி டிரம்ஸைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அரைத் தட்டு போனது. கம்பியைத் தட்டினேன்.

"வந்துட்டான்" என்றது களத்திலிருந்து ஒரு குரல்.